திரையில் பார்த்தபடியே தாளில் வர: வேர்டு கோப்பை அச்சுக்குத் தயார் செய்யும் முழுமையான வழிகாட்டி

ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து முடித்தாயிற்று. பொருளடக்கத்தில் மூன்றாம் இயல் 47ஆம் பக்கம் என்று இருக்கிறது. பென் டிரைவில் போட்டு ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய்த் திறந்தால் அதே இயல் 49ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. ஓர் அட்டவணையின் கடைசி வரி மட்டும் தனியாக அடுத்த பக்கத்துக்கு ஓடியிருக்கிறது. "ஃபைல் அப்படித்தான் சார் இருக்கு" என்பார் கடைக்காரர். "வீட்ல சரியா இருந்துச்சே" என்பீர்கள் நீங்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

வேர்டு கோப்புக்குள் அச்சுக்குத் தயாரான பக்கங்கள் கிடையாது. இன்ன எழுத்துரு, இன்ன அளவு, ஓரத்தில் இவ்வளவு இடம், இந்தச் சொற்கள் என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கின்றன. சமையல் குறிப்பு ஒன்றாக இருந்தாலும் அடுப்புக்கு அடுப்பு பதம் மாறுவது போலத்தான் இதுவும். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கணினியிலுள்ள எழுத்துரு, மென்பொருளின் பதிப்பு, சில நேரம் பிரிண்டர், இவற்றை வைத்து வரிகளை மடித்துப் பக்கங்களை அப்போதுதான் கட்டுகிறது. அதனால் திரையில் நீங்கள் பார்ப்பது உங்கள் கணினியின் கணிப்பு. அந்தக் கணிப்பு எங்கெல்லாம் பிசகும் என்று தெரிந்துகொண்டு ஒவ்வொன்றாக அடைத்துவிட்டால், கடையில் நின்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

முதலில், பிசகு எங்கிருந்து வருகிறது

திரையில் தெரிவதே தாளில் வரவேண்டும் என்ற எண்ணத்தைச் செயலில் காட்டிய முன்னோடி மென்பொருள் பிராவோ. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில், ஆல்ட்டோ என்ற கணினிக்காக 1974இல் பட்லர் லாம்ப்சன், சார்லஸ் சிமோனி முதலானோர் அதை உருவாக்கினார்கள். 1981இல் மைக்ரோசாஃப்டில் சேர்ந்து வேர்டை உருவாக்கும் பணியை முன்னெடுத்தவரும் இதே சிமோனிதான்.

1984இல் வந்த முதல் மேகின்டாஷின் திரையில் அங்குலத்துக்கு 72 புள்ளி. அதற்கான இமேஜ்ரைட்டர் பிரிண்டரில் 144 புள்ளி, அதாவது சரியாக இரண்டு மடங்கு. ஒரு பாயின்ட் என்பதே அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு என்பதால், கணக்கு பிசிறில்லாமல் பொருந்தியது. அடுத்த ஆண்டே 300 புள்ளி லேசர்ரைட்டர் வந்தது. 300ஐ 72ஆல் வகுத்தால் முழு எண் வராது. அன்று தொடங்கிய தலைவலி இது.

விண்டோஸ் அங்குலத்துக்கு 96 பிக்சல் (திரைப் புள்ளி) என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. 12 பாயின்ட் எழுத்துக்குத் திரையில் 16 பிக்சல் கிடைக்கும். 600 புள்ளி லேசர் பிரிண்டரில் 100 புள்ளி கிடைக்கும். ஓர் எழுத்தின் அகலம் 7.4 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அரைப் பிக்சல் வரைய முடியாத திரை அதை 7 ஆக்கிவிடும். 60 எழுத்துள்ள வரியில் இப்படி 24 பிக்சல் காணாமல் போகும். அது கால் அங்குலம். ஒரு சிறிய சொல் கூடுதலாக உட்கார அது போதும். அந்தச் சொல் தாளில் அடுத்த வரிக்கு இறங்கினால், அதற்குப் பின்னால் எல்லாமே நகரும்.

வேர்டு இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. வரியை அச்சு அளவின்படி மடித்துவிடும். திரையில் எழுத்துகளை அங்கங்கே நெருக்கியும் தள்ளியும் காட்டிச் சமாளிக்கும். சில வரிகளில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கோணலாகத் தெரிந்து, பெரிதாக்கிப் பார்த்தால் சரியாகிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். தாளில் அது சரியாகத்தான் வரும். அதைப் பார்த்துப் பதறி, சொற்களுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் வைக்காதீர்கள். 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்போதைய மென்பொருள்களில் இந்தப் பிசிறு பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இன்று பக்கம் ஓடுவதற்குப் பெரிய காரணங்கள் மூன்றுதான்: தாள் அளவு, எழுத்துரு, அச்சிடும்போது நடக்கும் சுருக்கல்.

படி 1: எழுதத் தொடங்கும் முன்பே தாளை முடிவு செய்யுங்கள்

வேர்டில் லேஅவுட் – சைஸ் போய்ப் பாருங்கள். பல கணினிகளில் அமெரிக்க அமைப்பிலேயே லெட்டர் என்று இருக்கும். லெட்டர் 215.9 × 279.4 மி.மீ.; நம் ஏ4 210 × 297 மி.மீ. அகலம் 6 மி.மீ. குறைகிறது, உயரம் 18 மி.மீ. கூடுகிறது. நான்கு பக்கமும் ஓர் அங்குல ஓரம் விட்டால், ஏ4இல் எழுத்துக்குக் கிடைக்கும் பரப்பு ஏறத்தாழ 4 சதவீதம் அதிகம். லெட்டரில் 150 பக்கம் வந்த ஆய்வேடு, ஏ4க்கு மாற்றினால் ஐந்தாறு பக்கம் சுருங்கும். பொருளடக்கம், அட்டவணைகள், 'மேலே பக்கம் 82 காண்க' என்று கையால் அடித்த குறிப்புகள், எல்லாம் தவறிப்போகும்.

லீகல் தாளில் இன்னொரு சிக்கல். வேர்டின் லீகல் 14 அங்குலம், அதாவது 355.6 மி.மீ. நீளம். நம் ஊர்க் கடைகளில் லீகல் என்று கிடைக்கும் கட்டுகள் பலவற்றில் தாள் 345 மி.மீ. நீளம்தான். உறையிலேயே அளவு போட்டிருக்கும். அதைப் பார்த்து, அளவை கஸ்டம் என்ற இடத்தில் கையால் கொடுங்கள்.

பைண்டிங் செய்யும் ஆவணம் என்றால் இடது ஓரம் ஒன்றரை அங்குலம். இருபுறமும் அச்சிடுவதாக இருந்தால் மார்ஜின்ஸ் பகுதியில் மிரர் மார்ஜின்ஸ் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கங்களில் அகலமான ஓரம் வெளிப்பக்கம் போய்விடும். எந்த ஓரத்தையும் 5 மி.மீ.க்குக் கீழே கொண்டுபோக வேண்டாம். சாதாரண லேசர் பிரிண்டர்கள் தாளின் விளிம்பில் நான்கு மி.மீ. அளவுக்கு அச்சிடுவதே இல்லை. திரையில் அந்த இடமும் பளிச்சென்று தெரியும், தாளில் வெட்டுப்பட்டுவிடும்.

படி 2: எழுத்துரு, தமிழில் பாதி வம்பு இங்கேதான்

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டவைத்திருப்பார்கள். பாமினி இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல்லைத் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலமாகத் தெரியும். இது ஒரு வகையில் நல்லது. கோளாறு முகத்தில் அறைந்தாற்போலத் தெரிந்துவிடும். அப்படியே அச்சிட்டுவிட மாட்டீர்கள்.

ஒவ்வோர் எழுத்துக்கும் எல்லாக் கணினிகளிலும் ஒரே எண்ணைக் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் கோளாறு ஓசைப்படாமல் நடக்கும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்று அலுவலகமோ கல்லூரியோ, புதிதாக அடிப்பவை பெரும்பாலும் யூனிகோடுதான். நீங்கள் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவில் அடித்திருக்கிறீர்கள். கடைக் கணினியில் அது இல்லை. வேர்டு எதுவும் கேட்காமல் நிர்மலா, லதா போன்ற வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்ளும். எழுத்து தமிழாகவே தெரியும். இதில் கொடுமை என்னவென்றால், மேலே எழுத்துருப் பெட்டியில் 'நோட்டோ செரிஃப் தமிழ்' என்றுதான் எழுதியிருக்கும். பெயர் நீங்கள் கேட்டது, உருவம் வேறொன்று. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் அகலமும் வேறு, வரி உயரமும் வேறு. பக்கம் ஓடாமல் என்ன செய்யும்?

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வேர்டில் ஃபைல் – ஆப்ஷன்ஸ் – அட்வான்ஸ்டு போய்க் கொஞ்சம் கீழே இறங்கினால் ஃபாண்ட் சப்ஸ்டிட்யூஷன் என்ற பொத்தான் இருக்கும். எந்த எழுத்துரு இல்லை, அதற்குப் பதில் எது போடப்பட்டிருக்கிறது என்று அங்கே தெரியும். வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸில் இன்னும் எளிது: கணினியில் இல்லாத எழுத்துருவின் பெயர், பெட்டியில் சாய்வெழுத்தாகத் தெரியும்.

ஆங்கிலத்துக்கு ஒரு வசதி உண்டு. கேலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, டைம்ஸ் நியூ ரோமனுக்குப் பதில் லிபரேஷன் செரிஃப் என்று, எழுத்துக்கு எழுத்து அதே அகலத்தில் செய்த மாற்று எழுத்துருக்கள் இருக்கின்றன. லிப்ரே ஆபீஸில் திறந்தாலும் ஆங்கில வரிகள் பெரிதாக மாறுவதில்லை. தமிழ் எழுத்துருக்களுக்கு அப்படி ஒரு மாற்றை நம்பி இருக்க முடியாது.

அடுத்தது, தமிழர்கள் அதிகம் சிக்கும் இடம். வேர்டும் லிப்ரே ஆபீஸும் தமிழை ஆங்கிலத்திலிருந்து பிரித்து, தனிக் கணக்கில் வைத்திருக்கின்றன. வேர்டில் கன்ட்ரோல்+டி அழுத்தினால் வரும் பெட்டியில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்று ஒரு பகுதி. லிப்ரே ஆபீஸில் சிடிஎல் ஃபாண்ட். தமிழுக்கான எழுத்துருவும் அளவும் அங்கேதான் அமர்கின்றன. தலைப்பு ஸ்டைலை 16 பாயின்ட் ஆக்கியும் தமிழ்த் தலைப்பு சின்னதாகவே நிற்கிறது என்றால், நீங்கள் மாற்றியது ஆங்கிலத்தின் அளவை. லிப்ரே ஆபீஸில் அந்தப் பகுதியே தெரியவில்லையா? டூல்ஸ் – ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புக்குப் போய் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை டிக் செய்யுங்கள்.

சரி, வரி உயரம். 'சிங்கிள்' என்று விட்டால் உயரத்தை எழுத்துரு தீர்மானிக்கும். தமிழ் வரிக்கு நடுவே ஓர் ஆங்கிலச் சொல் வந்தால் இரண்டில் எது உயரமோ அதற்கேற்ப அந்த வரி மட்டும் தள்ளி நிற்கலாம். நான் பரிந்துரைப்பது எக்ஸாக்ட்லி. 12 பாயின்ட் தமிழுக்கு 20 பாயின்ட் கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு எழுத்துரு மாறிப்போனாலும் ஒரு பக்கத்துக்கு இத்தனை வரி என்பதாவது மாறாது. ஒரே ஆபத்து, அளவைக் கஞ்சத்தனமாகக் கொடுத்தால் 'கீ', 'ஸ்ரீ' போன்றவற்றின் மேற்சுழி வெட்டுப்படும். இந்த எழுத்துகளை அடித்து, ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்த்துவிட்டு அளவை உறுதி செய்யுங்கள்.

படி 3: என்டரையும் ஸ்பேஸ் பாரையும் நம்பாதீர்கள்

புதிய இயலை அடுத்த பக்கத்தில் தொடங்க ஏழெட்டு முறை என்டர் தட்டுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். உங்கள் திரையில் அது கச்சிதமாக உட்காரும். வேறு கணினியில் இரண்டு வரி கூடினால் போதும், தலைப்பு பக்கத்தின் நடுவுக்கு இறங்கிவிடும். கன்ட்ரோல்+என்டர் அழுத்தினால் பக்க முறிப்பு விழும்; அதை எங்கே திறந்தாலும் அடுத்த பக்கம்தான். கையெழுத்து இடத்தை வலப்பக்கம் தள்ள ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போவதும் இதே கதை. ரூலரில் டேப் வைத்து டேப் விசையை அழுத்துங்கள், அல்லது கோடில்லாத இரண்டு கட்ட அட்டவணை போடுங்கள்.

இரு ஓரமும் நேராக வரும்படி ஜஸ்டிஃபை செய்தால் தமிழில் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும், நம் சொற்கள் நீளம் என்பதால். 'கொண்டிருக்கவில்லையென்றாலும்' போன்ற ஒன்று வரிக் கடைசியில் இடமில்லாமல் இறங்கினால், மேல் வரியில் நான்கு சொற்கள் நாலு மூலைக்குப் போய் நிற்கும். அச்சுப் புத்தகங்களில் சொல்லை இடையிலேயே மடித்து இதைச் சமாளிப்பார்கள். வேர்டில் இன்சர்ட் – சிம்பல் – ஸ்பெஷல் கேரக்டர்ஸில் நோ-விட்த் ஆப்ஷனல் பிரேக் இருக்கிறது. 'கொண்டிருக்க'வுக்குப் பின் அதை வைத்தால், தேவைப்படும்போது மட்டும் சொல் அங்கே மடியும், இணைப்புக்கோடு இல்லாமல். எல்லா இடத்திலும் வைக்க யாருக்கும் பொறுமை இருக்காது. இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும் என்று விட்டுவிடலாம். படிக்க அதுவே சுகம்.

படங்களை இன்லைன் வித் டெக்ஸ்ட், அதாவது வரியில் ஓர் எழுத்தைப் போல நிற்கும்படியே வையுங்கள். மிதக்கும் படம், மேலே ஒரு வரி நகர்ந்தால் எங்கே போய் இறங்கும் என்று சொல்ல முடியாது.

படி 4: திரைக்கு மட்டும் உள்ளவை, தாளுக்கு மட்டும் உள்ளவை

பிரிண்ட் லேஅவுட் காட்சியில் மட்டும் சரிபாருங்கள். வெப் லேஅவுட், டிராஃப்ட், கூகுள் டாக்ஸின் பேஜ்லெஸ், கைப்பேசி செயலியின் மொபைல் காட்சி, இவற்றில் தாளில் வரும் பக்கம் அப்படியே தெரியாது. பிரிண்ட் லேஅவுட்டிலும் ஒரு கண்ணி: இரண்டு பக்கங்களுக்கு நடுவே தெரியாமல் டபுள் கிளிக் செய்துவிட்டால் மேல், கீழ் ஓரங்கள் மறைந்துவிடும். ஹெடர் காணவில்லை என்று தேடுவீர்கள். அதே இடத்தில் மறுபடி டபுள் கிளிக் செய்தால் வந்துவிடும்.

கோடில்லாத அட்டவணையைச் சுற்றித் தெரியும் மங்கலான புள்ளிக்கோடு, லிப்ரே ஆபீஸில் தேதிக்கும் பக்க எண்ணுக்கும் பின்னால் தெரியும் சாம்பல் நிறம் இரண்டும் அச்சில் வராது. பக்கத்துக்கு நீங்கள் கொடுத்த பின்னணி நிறமும் வேர்டில் வழக்கமாக வராது. ஆப்ஷன்ஸ் – டிஸ்ப்ளேயில் பிரிண்ட் பேக்கிரவுண்ட் கலர்ஸ் என்பதை டிக் செய்தால்தான் வரும்.

நெறியாளர் திருத்திக் கொடுத்த கோப்பில் திருத்தங்களைப் பதிவுசெய்து காட்டும் டிராக் சேஞ்சஸ் குறிப்புகள் இருக்கும். திரையில் அவற்றை மறைத்து வைத்துவிட்டு, இல்லை என்றே நினைத்துக்கொள்வோம். இன்னொருவர் அதைத் திறந்து அச்சிட்டால், வலப்பக்கம் குறிப்புகளுக்கு இடம் விட்டு, பக்கம் முழுவதும் சுருங்கிப்போய் வரலாம். மறைப்பதால் பயனில்லை. ரிவ்யூ பகுதியில் எல்லாவற்றையும் ஏற்றோ தள்ளியோ முடித்துவிடுங்கள்.

தேதியையும் பாருங்கள். இன்சர்ட் வழியாகத் தேதி போடும்போது அப்டேட் ஆட்டோமேட்டிக்கலி டிக் ஆகியிருந்தால், கடிதம் எழுதிய நாள் போய் அச்சிடும் நாள் வந்துவிடும். ஜூன் 3இல் எழுதிய விண்ணப்பம் ஜூன் 20 என்று அச்சாகும். அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப்9 அழுத்தினால் சாதாரண எழுத்தாகிவிடும். பொருளடக்கத்துக்கு இதற்கு நேர்மாறு: அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று இருக்காமல், எல்லாம் முடிந்ததும் எஃப்9 அழுத்திப் பக்க எண்களைப் புதுப்பியுங்கள்.

படி 5: 100 சதவீதம் என்றால் நிஜ அளவு அல்ல

ஓர் ஏ4 தாளை எடுத்துத் திரையில் தெரியும் பக்கத்தின் மேல் வைத்துப் பாருங்கள். 96 பிக்சல் கணக்குப்படி ஏ4இன் அகலம் 794 பிக்சல். முழு எச்டி உள்ள 24 அங்குலத் திரையில் அது ஏறத்தாழ 22 செ.மீ.; தாளைவிடச் சற்றுப் பெரிது. அதே பிக்சல் எண்ணிக்கை உள்ள 15.6 அங்குல மடிக்கணினியில், விண்டோஸ் ஸ்கேலிங் 100 என்று இருந்தால் வெறும் 14 செ.மீ. 'எழுத்து ரொம்பச் சின்னதாக இருக்கிறது' என்று மடிக்கணினியைப் பார்த்து 14 பாயின்ட் ஆக்கியவர்கள் தாளில் தண்டோரா எழுத்தைப் பார்ப்பார்கள். திரையில் உள்ள பக்கம் தாளோடு பொருந்தும்வரை ஜூமை நகர்த்தி, அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். உங்கள் திரைக்கு அதுதான் நிஜ அளவு.

கோடுகளும் ஏமாற்றும். கால் பாயின்ட் கோடு 600 புள்ளி பிரிண்டரில் இரண்டே புள்ளி தடிமன். திரையில் குறைந்தது ஒரு பிக்சலாவது வேண்டும் என்பதால் மூன்று மடங்கு தடிமனாகத் தெரியும். அட்டவணைக்கு அரைப் பாயின்ட் வையுங்கள். படம் 15 செ.மீ. அகலத்தில் தெளிவாக வர 1,770 பிக்சலாவது வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக வந்ததை அப்படியே ஒட்டினால் திரையில் பளிச், தாளில் மங்கல். வண்ணம் திரையில் தெரிகிற அதே பளபளப்போடு தாளில் வராது. அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

படி 6: பிடிஎஃப் ஆக்கிப் பூட்டுங்கள்

அடோபி 1993இல் கொண்டுவந்த பிடிஎஃப் இந்தச் சிக்கலுக்கென்றே பிறந்தது. அதில் எந்த எழுத்து பக்கத்தின் எந்த இடத்தில் என்று எழுதப்பட்டுவிடும். எழுத்துருவும் உள்ளேயே போய்விடும். கடைக்குக் கொண்டுபோவது எப்போதும் பிடிஎஃப்தான். வேர்டில் சேவ் ஆஸ் – பிடிஎஃப், லிப்ரே ஆபீஸில் எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப், கூகுள் டாக்ஸில் டவுன்லோடு – பிடிஎஃப். கூகுள் டாக்ஸிலிருந்து வேர்டு கோப்பாக இறக்கி, அதைக் கடையில் பிடிஎஃப் ஆக்கச் சொல்வது வேண்டாத வேலை.

ஆக்கிய பிறகு அடோபி ரீடரில் திறந்து கன்ட்ரோல்+டி அழுத்துங்கள். ஃபாண்ட்ஸ் பகுதியில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எம்பெடெட் அல்லது எம்பெடெட் சப்செட் (எழுத்துரு கோப்புக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள்) என்று இருக்கவேண்டும். இல்லாத பெயர் ஒன்று இருந்தாலும் அது கடையில் காலை வாரும். அப்புறம் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை பிடிஎஃப்பை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், வேர்டை அல்ல.

நெறியாளரோ அலுவலகமோ வேர்டு கோப்பாகவே கேட்டால், ஃபைல் – ஆப்ஷன்ஸ் – சேவ் பகுதியில் எம்பெட் ஃபாண்ட்ஸ் இன் தி ஃபைல் டிக் செய்து அனுப்புங்கள். உரிமம் தடுக்காத எழுத்துருக்கள் கோப்போடு போகும். கூடவே பிடிஎஃப் ஒன்றையும் அனுப்பிவிடுங்கள், எது சரி என்று ஒப்பிட்டுப் பார்க்க.

படி 7: கடையில்

பிடிஎஃப்பும் முழுக் காப்பு அல்ல. அச்சிடும் பெட்டியில் ஃபிட் என்று இருந்தால் பக்கம் சுருங்கும். அடோபி ரீடரில் ஆக்சுவல் சைஸ், பிரவுசரிலிருந்து அச்சிட்டால் ஸ்கேல் 100 என்று வைக்கச் சொல்லுங்கள். முன்பே அச்சடித்த படிவத்திலோ லெட்டர்ஹெட்டிலோ எழுத்து சரியான கட்டத்தில் விழவேண்டும் என்றால் இது உயிர்நாடி.

சோதிக்க எளிய வழி: கோப்பின் கடைசிப் பக்கத்தில் சரியாக 10 செ.மீ. நீளக் கோடு ஒன்று போட்டு வையுங்கள். அந்தப் பக்கத்தை மட்டும் முதலில் அச்சிட்டு, ஸ்கேல் வைத்து அளங்கள். 9.7 செ.மீ. வந்தால், எங்கோ லெட்டர் அளவு ஒளிந்திருக்கிறது, 215.9 மி.மீ. தாளை 210க்குள் அடக்கினால் கிடைக்கும் சுருக்கம் அதுதான். 10 வந்துவிட்டால் அட்டவணை உள்ள ஒரு பக்கம், படம் உள்ள ஒரு பக்கம், இருபுறமும் அச்சான ஒரு தாள், இவ்வளவையும் பார்த்துவிட்டு முழுதும் ஓட்டச் சொல்லலாம். கோடு போட்ட பக்கத்தை விட்டுவிட்டு ஓட்டச் சொல்ல மறக்காதீர்கள்.

படி 8: அச்சிட்ட பிறகு ஒரு பிழை கண்ணில் பட்டால்

நிச்சயம் படும். 150 பக்கத்தையும் மறுபடி அச்சிட வேண்டியதில்லை. பழைய பிடிஎஃப்பை அழிக்காமல் வைத்துக்கொண்டு, வேர்டில் திருத்தி, வேறு பெயரில் புதிய பிடிஎஃப் ஆக்குங்கள். திருத்திய பக்கத்தின் கடைசிச் சொல் இரண்டிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றென்றால் அந்தத் தாள் மட்டும் போதும். இருபுறமும் அச்சிட்டது என்றால் அதன் மறுபக்கத்தையும் சேர்த்து. கடைசிச் சொல் மாறியிருந்தால், அந்தப் பத்தியிலேயே ஒரு சொல்லைச் சுருக்கியோ நீட்டியோ பழைய இடத்துக்கு இழுத்து வாருங்கள். அதுவும் முடியவில்லை என்றால், அந்த இயல் முடியும் பக்கம் வரை மட்டும் அச்சிட்டால் போதும். இயல்களுக்கு நடுவே பக்க முறிப்பு போட்டிருப்பதால், இயலின் மொத்தப் பக்க எண்ணிக்கை மாறாதவரை அடுத்த இயல் நகராது.